மெம்பர் சொன்னால் போதுமா, செயலாளர் கையெழுத்து வேண்டுமா?

திருகோணமலைப் பக்கம் ஒரு வடிகானுக்கோ தெருவிளக்குக்கோ அலைந்தவர்களுக்குத் தெரியும், எந்தக் கந்தோரில் யாரிடம் கேட்பது என்று கண்டுபிடிப்பதிலேயே பாதிக் காலம் போய்விடும். "மெம்பரிடம் சொல்லியாச்சு, அவர் பார்த்துக்கொள்வார்" என்று தாங்கள் தெரிவுசெய்த பிரதேச சபை உறுப்பினரை, அதாவது மெம்பரை, நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு பக்கம். "மெம்பர்மாருக்கு வாய்தான், கையெழுத்துப் போடுறது உத்தியோகத்தர்தானே" என்று அடித்துச் சொல்பவர்கள் மறுபக்கம். நகரத்துக்கு வெளியே ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தில், ஊர்வழக்கில் ஆர்.டி.எஸ்.ஸில், செயலாளராக இருந்து கடிதம் எழுதி எழுதி நான் கண்டது, இரண்டு கட்சியும் சொல்வதில் பாதிதான் சரி.

தெரிவாகி வந்தவர், நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர் என்ற இந்த இரண்டு வகை ஆட்களையும் சட்டம் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. அரசியலமைப்பின் 170ஆவது உறுப்புரையில் அரச உத்தியோகத்தர் யார் என்று வரைவிலக்கணம் இருக்கிறது. குடியரசின் கீழ் சம்பளம் உள்ள பதவி வகிப்பவர் என்று தொடங்கி, பிறகு சனாதிபதி, சபாநாயகர், அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர் என்று ஒரு வரிசையை வெளியே எடுத்துவிடுகிறது. சம்பளம் இரண்டு பேருக்கும் திறைசேரியிலிருந்துதான் வரலாம், ஆனால் அமைச்சர் உத்தியோகத்தர் அல்ல. மறுபக்கம், எந்த உத்தியோகத்தர் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது என்று 91ஆவது உறுப்புரை சொல்கிறது. அதில் ஒரு பிரிவு, அந்தப் பதவியின் ஆரம்பச் சம்பளம் 1970 நவம்பர் 18ஆம் திகதியில் ஆண்டுக்கு 6,720 ரூபாய்க்குக் குறையாமல் இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. இன்றைக்கும் அதுதான் எழுத்தில் இருக்கிறது. முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊர் மட்டத்தில் நமக்கு வேண்டியது இதைவிடச் சுருக்கமான விஷயம். பிரதேச சபை உறுப்பினருக்கு உள்ள அதிகாரம் சபை அமர்வில் மற்றவர்களோடு சேர்ந்து இருந்து தீர்மானம் நிறைவேற்றும்போதுதான் அதிகாரம். அமர்வு முடிந்து வெளியே வந்தால் அவர் செல்வாக்குள்ள ஒரு மனிதர், அவ்வளவுதான். சபைச் செயலாளர் போன்ற உத்தியோகத்தரின் அதிகாரம் அப்படியில்லை, அது அவர் இருக்கிற கதிரையோடு வருகிறது. தனியாக இருந்தே கையெழுத்துப் போடலாம், மறுக்கலாம், நிறுத்தலாம். ஆனால் சட்டமும் சுற்றறிக்கையும் எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவுதான், ஊருக்கு எது முக்கியம் என்று முடிவெடுக்கிற உரிமை அதில் இல்லை. தவிசாளர் ஒருவர்தான் இதற்கு நடுவில் நிற்பவர். தெரிவாகி வந்தவர், அதேநேரம் சபையின் நிறைவேற்றுப் பொறுப்பும் அவருடையது. அதனால் தவிசாளர் தனியாகச் சொல்வதற்கு இருக்கும் பெறுமதி சாதாரண உறுப்பினர் சொல்வதற்கு இல்லை.

இது எங்களுக்கு விளங்கியது ஒரு வடிகானால்தான். எங்கள் ஒழுங்கையில் மாரி தொடங்கினால் முழங்கால் அளவு தண்ணீர். கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் ஒரு பழைய மதகில் வந்து அடைத்துக்கொண்டு நிற்கும், இரண்டு வளவுக் கிணறுகள் அதோடு நாசம். 2022இல், டீசலுக்கு வரிசையில் நின்ற காலம், அப்போதைய உறுப்பினர் ஒருவர், நல்ல மனிதர், உண்மையிலேயே எங்களுக்காகத் துடித்தவர், "கடிதமெல்லாம் எதுக்கு, ஞாயிற்றுக்கிழமை நானே வெட்டித் தாறேன்" என்று எங்கிருந்தோ டீசல் தேடி ஒரு ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து இறக்கினார். சனம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது. கொஞ்சத் தூரம் வெட்டியதும் குடிநீர்க் குழாய் உடைந்தது.

திங்கட்கிழமை சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், எல்லோரும் ரி.ஓ. என்போம், அளவு நாடாவோடு வந்தார். குழியை அளக்கவில்லை. குழியின் ஓரத்தில் நின்று, "ஆற்றை ஓடர்?", அதாவது யாருடைய உத்தரவு, என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். ஜே.சி.பி. சாரதி மெம்பரைக் காட்டினார். மெம்பர், "சபை வேலைதானே" என்றார். சபையிலோ மதிப்பீடு இல்லை, ஒதுக்கீடு இல்லை, வேலை உத்தரவு இல்லை. மெம்பர் கோபத்தில் ரி.ஓ.வைச் சனத்துக்கு முன்னால் ஏச, அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "சேர், எனக்கு நீங்க ஓடர் தர ஏலாது, செயலாளர் தந்தா நாளைக்கே அளக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் ரி.ஓ. மேல்தான் ஆத்திரம். திமிர் என்றார்கள். அவர் சொன்னது அச்சொட்டாகச் சட்டம். குழாய்க்கு யார் காசு கட்டுவது என்பது பெரிய இழுபறியாகி, கடைசியில் ஒழுங்கைச் சனம் பங்கு போட்டுக் கட்டியது, ஏனென்றால் சபையின் கடதாசியில் அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் முறையாக இறங்கினோம். தவிசாளருக்கு ஒரு கடிதம், அதன் பிரதி ஒன்று சபைச் செயலாளருக்கு. கடிதத்தில் அழுகை இல்லை. ஒழுங்கையின் பெயர், எங்கிருந்து எங்கே வரை, எத்தனை வீடு, மதகு எந்த வளவுக்கு முன்னால், மாரியில் எடுத்த படம் இரண்டு. எங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கினோம். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான், யாரும் பொய் சொல்லவேண்டும் என்றில்லை, கோவைக்குள் போகாமல் மேசையிலேயே கிடந்து தொலைந்துவிடும். பிறகு அதே மெம்பரிடம் போய், "அண்ணை, ஜே.சி.பி. வேண்டாம், இதை அமர்வில் முன்மொழியுங்கோ" என்றோம். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் செய்தார். எதிர்க்கட்சி மெம்பர் ஒருவர் வழிமொழிந்தார், அது எங்களுக்கு எதிர்பாராத அதிஷ்டம். கூட்ட அறிக்கையில் மூன்று வரி ஏறியது.

அந்த மூன்று வரியின் பெறுமதி 2023 மார்ச் 19இல் தெரிந்தது. 2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளுக்கு ஏற்கெனவே ஒரு வருடம் நீடித்துக் கொடுத்த காலமும் முடிந்து, நாடு முழுக்க சபைகள் கலைந்தன. மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. மாநகர சபைகளில் ஆணையாளர்கள், நகர சபை, பிரதேச சபைகளில் செயலாளர்கள் என்று நிர்வாகம் முழுக்க உத்தியோகத்தர் கைக்குப் போனது. எங்கள் மெம்பர் ஒரே நாளில் எங்களைப் போல ஒரு வாக்காளர் ஆகிவிட்டார். நாங்கள் கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். செயலாளரிடம் போனபோது அவர் கோவையைப் புரட்டி, "தீர்மானம் இருக்குது, சபை கலைஞ்சாலும் தீர்மானம் கலையாது" என்றார். அதே ரி.ஓ. வந்து அளந்தார். 2024இல் வடிகான் கட்டி முடிந்தது.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் மெம்பர்களே இல்லாமல் உத்தியோகத்தர்கள் நடத்தினால் நல்லதுதானே என்று எங்கள் சங்கத்திலேயே சிலர் கதைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்கெனவே கோவையில் இருந்த வேலை நடந்தது, உண்மை. கோவையில் இல்லாதது எதுவும் அந்த இரண்டு வருடத்தில் தானாகக் கோவைக்குள் வரவில்லை. சந்தையில் மெம்பரை மறித்து "தம்பி, எங்கட லைற் எரியேல்லை" என்று சொல்கிற ஆச்சிக்கு அந்தக் காலத்தில் மறிக்க ஆளே இல்லை. எங்களைப் போலக் கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்கு வேலை சுலபமானது, எழுதத் தெரியாத ஒழுங்கை இருளில் கிடந்தது. செயலாளர் கெட்டவர் என்பதல்ல விஷயம், எந்த ஒழுங்கை முதலில் என்று சனத்தின் சார்பில் சண்டைபோடுகிற வேலை அவருடையது அல்ல. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, பிறகு 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம்.

அந்தத் தேர்தல் இழுபறியில் எங்கள் சங்கப் பொருளாளர் பட்ட பாடு தனிக்கதை. அவர் அரச ஊழியர், ஆனால் அரசியல் உரிமை உள்ள தரம். தாபன விதிக்கோவையின் 32ஆவது அத்தியாயம் இதைப் பற்றியதுதான், சில தரத்தினர் அரசியலில் இறங்கலாம், பதவிநிலை உத்தியோகத்தர், பொலிஸ் போன்றவர்கள் இறங்க முடியாது. 2023 ஜனவரியில் வேட்புமனு கொடுத்து, சம்பளமற்ற விடுமுறையில் போனார். தேர்தல் வரவில்லை, சம்பளமும் வரவில்லை. அவரைப் போல நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் இரண்டும்கெட்டானாக நின்றார்கள், பிறகு அயல் பிரதேசத்தில் வேலைக்குத் திரும்ப வழிவிட்டார்கள். உத்தியோகத்தில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க யோசிக்கிற தம்பி தங்கச்சிமார், கட்சிக்காரர் சொல்வதை மட்டும் கேட்காமல், உங்கள் திணைக்களத் தலைவரிடம் உங்கள் தரத்துக்கு என்ன விதி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த குழப்பம் பிரதேச சபையும் பிரதேச செயலகமும். முதலாவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது, தெரிவான உறுப்பினர்களைக் கொண்டது. இரண்டாவதில் தெரிவானவர் ஒருவரும் இல்லை. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் அரசாங்க அதிபரிடமும் உதவி அரசாங்க அதிபரிடமும் இருந்த பல அதிகாரங்கள் பிரதேச செயலாளருக்கு வந்தன. வயதானவர்கள் இன்னும் "ஏ.ஜி.ஏ. கந்தோர்" என்று சொல்வது அதனால்தான். ஜீ.எஸ்., அதாவது கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் ஆள். வதிவிடச் சான்றிதழ் அவர் கொடுத்து, பிரதேச செயலாளர் மேலொப்பம் வைப்பது. சபை மெம்பர் "இவர் எங்கட ஊர்" என்று கடிதத் தலைப்பில் எழுதிக் கொடுப்பதை ஒரு அறிமுகமாக வைத்துக்கொள்ளலாம், சான்றிதழாக யாரும் எடுக்கமாட்டார்கள். அரச காணிப் பெர்மிற்றும் அப்படித்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி போகிற விஷயம் அது, தேர்தல் மேடையில் காணி தருவதாகச் சொல்கிற சபை வேட்பாளரிடம் நான் ஒரே கேள்விதான் கேட்பேன், எந்தச் சட்டத்தில் என்று. கட்டட அனுமதி, சோலை வரி, சபை வீதி, குப்பை, தெருவிளக்கு, இவைதான் சபைக்கு. வீதியிலும் எல்லா வீதியும் சபையுடையது அல்ல. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி மாகாண வீதித் திணைக்களத்துக்கும் உரியவை. பெரிய வீதியில் உள்ள குழிக்குத் தவிசாளரை ஏசுவது வீண்.

நம்முடைய ஊர் கிழக்கு மாகாணத்தின் தலைநகரும்கூட. அதனால் ஒரு விசித்திரத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம். மாகாண சபைக் கட்டடம் இருக்கிறது, பிரதம செயலாளர் இருக்கிறார், திணைக்களங்கள் இருக்கின்றன, தெரிவான உறுப்பினர் மட்டும் இல்லை. 2012 செப்டெம்பர் 8இல் தெரிவான கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அன்றிலிருந்து சனாதிபதி நியமிக்கிற ஆளுநரின் கீழ்தான் மாகாணம் நடக்கிறது. கடைசி முதலமைச்சர் நசீர் அகமட், அதன்பின் முதலமைச்சர் என்று எவரும் இல்லை. உள்ளூராட்சி மாகாண விடயம், ஆகவே சபையைப் பற்றி மேலே முறையிடுவது என்றால் உள்ளூராட்சி உதவி ஆணையாளர், ஆணையாளர், அதற்கு மேலே ஆளுநர் செயலகம் என்று முழுக்க நியமிக்கப்பட்டவர்கள் வழியாகத்தான் போகவேண்டும்.

முறைப்பாடு செய்யும்போது இந்த வேறுபாடு நன்றாகவே வெட்டும். உத்தியோகத்தரை ஊர் கூடி மாற்ற முடியாது. அவருக்கு ஒழுக்காற்று நடவடிக்கை என்றால் மாகாண அரச சேவை ஆணைக்குழு வழி, குற்றப்பத்திரம், விசாரணை என்று போகும். ஆகவே "சரியில்லாத ஆள்" என்று பெற்றிசன் போட்டுப் பயனில்லை. எந்தத் திகதியில் என்ன விண்ணப்பம் கொடுத்தோம், எந்தக் காரணம் சொல்லி மறுத்தார், அந்தக் காரணம் எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். பல தடவை, மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்று பணிவாகக் கேட்டாலே வேலை நகர்ந்துவிடும். தெரிவானவர் விஷயம் தலைகீழ். அவரை இடையில் திருப்பி அழைக்க நமது சட்டத்தில் வாக்காளருக்கு வழி இல்லை. தவிசாளரை நீக்குவது என்றால் விசாரணை நடத்தித்தான். உறுப்பினர்களே பாதீட்டில் தோற்கடித்து இறக்குவதும் உண்டு. 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் பாதீடு இரண்டாம் முறை தோற்றதும் முதல்வர் பதவி போனது, ஆணையாளரின் கதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மெம்பரிடம் நமக்கு உள்ள பிடி சனத்துக்கு முன்னால் கேட்கிற கேள்விதான். அதனால் உத்தியோகத்தரிடம் தனியாகப் போய்க் கடதாசியில் கேட்பேன், மெம்பரைக் கோயில் திருவிழாக் கூட்டத்திலோ சங்கக் கூட்டத்திலோ பத்துப் பேருக்கு நடுவில் கேட்பேன்.

இன்னொன்று, தேசியப் பட்டியல் மாதிரி சபைக்கும் பட்டியல் உறுப்பினர் உண்டு. வட்டாரத்தில் 60 வீதம், பட்டியலில் 40 வீதம் என்பது இப்போதைய முறை. "வோட் எடுக்காமல் வந்தவர், அவரிடம் என்ன கேட்பது" என்று எங்கள் பக்கத்தில் பட்டியலில் வந்த அக்கா ஒருவரை ஒதுக்கிப் பார்த்தார்கள். அமர்வில் அவருக்கும் அதே கை, அதே வாக்கு. வட்டாரத்துச் சண்டை இல்லாததால் எங்கள் விஷயத்தை அவர்தான் அமைதியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கூட்ட அறிக்கை, மதிப்பீடு எதையும் பார்க்க விடமாட்டோம் என்று யாராவது சொன்னால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபைக்கும் செயலகத்துக்கும் அது ஒரே மாதிரித்தான். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், இல்லையென்றால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. காரணம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் கேட்டது ஒரு பக்க மதிப்பீடு, கிடைத்தது. அதில் வடிகானின் நீளம் ஒழுங்கையின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்ததை வேலை தொடங்குமுன் கண்டுபிடித்துத் திருத்த முடிந்தது.

காசு கேட்டால், கேட்டவர் மெம்பரா கிளார்க்கரா என்று பார்க்கவேண்டாம், 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இரண்டு பேரையும் பிடிக்கும், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவை 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சட்டத்துக்கு மாறாக ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள் என்றால் அதை நிறுத்த நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது ரிட், கேட்க எப்போதும் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை, மாகாண விடயங்களில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் அரசியலமைப்பின் 154P உறுப்புரையில் இருக்கிறது, திருகோணமலையிலேயே கேட்கலாம். அடிப்படை உரிமை என்றால் உச்ச நீதிமன்றம்தான், ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதம் கையை விட்டுப் போகாமல் இருக்க, அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவைத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது தெரியாமல், "பேசித் தீர்ப்போம்" என்று மெம்பர் சொன்னதை நம்பி மாதங்களைக் கடத்தி, கடைசியில் ஒரு சட்டத்தரணியிடம் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கைக்காரர்கள் தெருவிளக்குக்காக வந்திருக்கிறார்கள். புதிய மெம்பர் மின்குமிழோடு ஏணியும் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். குமிழை வாங்கி வையுங்கோ, ஏணியில் ஏறவேண்டாம், அமர்வில் முன்மொழியச் சொல்லுங்கோ என்று சொல்லியனுப்பினேன். பாதீடு தயாராகிற காலத்துக்கு முன்னால் தீர்மானம் ஏறினால்தான் அடுத்த வருட ஒதுக்கீட்டில் விழும், பாதீட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது போய்த் தங்கள் ஒழுங்கையின் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.